துருக்கை

சிலருடைய வேர்வைக்கும் இரும்புக்கும் ஆகாது. அவர்கள் காலையில் தொட்ட ஸ்பேனரில் மாலைக்குள் விரல் விரலாகத் துரு பூத்திருக்கும். பட்டறையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களிடம் சொன்னால் கதை விடுவதாக நினைப்பார்கள். அவருக்கு வாய்த்தது அப்படிப்பட்ட கை. பார்த்த தொழிலோ, பழைய கார்களுக்குத் துரு எடுத்துப் பெயிண்ட் அடிப்பது.

கொட்டகை வரிசையில் எல்லோரும் அவரைத் துருக்கை என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். "பெயிண்டருக்குத் துருக்கை, பாட்டுக்காரனுக்குத் தொண்டைக்கட்டு மாதிரி" என்று எதிரில் கார் சீட் தைக்கும் பஞ்சு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். துருக்கை அதைக் கேட்டு லேசாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். சிரித்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

துரு எடுக்கிறவரைக்கும் அவர் கையால் கெடுதல் ஒன்றும் இல்லை. கிரைண்டரில் வயர் பிரஷை மாட்டி, சிவப்புப் பொடி பறக்கப் பறக்க மேல்துருவைச் சுரண்டுவார். பிறகு எமரித் தாளை மரக்கட்டையில் சுற்றி, முதலில் முரடு, அப்புறம் நைசு. குழி குழியாக ஊறிப்போன இடங்களில் ஆசிட் தடவி, அது வேலை செய்து முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே சூடான காற்று காட்டிக் காயவைப்பார். கடைசியில் இரும்பு வெள்ளையாக நிற்கும். பெயிண்ட் இல்லை, துரு இல்லை, ஒன்றுமே இல்லை. வெறும் இரும்பு. அதற்கு அதிக நேரம் கிடையாது. காற்றில் இருக்கிற ஈரம் போதும், திரும்பப் பூக்கத் தொடங்கிவிடும். அதற்குள் அடிப்பூச்சு, அதாவது பிரைமர், ஏறியாக வேண்டும்.

அந்த இடத்துக்கு வந்ததும் துருக்கை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கொட்டகைக்குப் பின்னால்தான் வீடு. அந்தக் கதவைப் பார்த்து, "ஏம்மா" என்பார்.

அவர் மனைவி வருவாள். அவளுடையது வேர்க்காத கை. எந்த வெயிலிலும் உலர்ந்தே இருக்கும். சுத்தமான துணியைத் தின்னரில் நனைத்து ஒரு தடவை துடைப்பாள். பிறகு கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்து, தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுவது மாதிரி அந்த இரும்பைத் தடவிக்கொண்டே போவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்காவது கண்ணுக்குத் தெரியாத அலை, ஒரு சின்ன மேடோ பள்ளமோ, இருந்தால் கை நிற்கும். "இங்க" என்பாள். அவர் அந்த இடத்தை இழைப்பார். மறுபடி தடவுவாள். எல்லாம் சரியென்றால் "ம்" என்பாள். அவர் கையுறை மாட்டிக்கொண்டு ஸ்பிரே கன்னை எடுப்பார்.

சில நாட்களில் அவர்களுக்குள் நடந்த பேச்சு முழுவதுமே அவ்வளவுதான். ஒரு "ஏம்மா", ஒரு "இங்க", ஒரு "ம்". அதில் குறையொன்றும் இருந்ததாக இருவருக்கும் தோன்றியதில்லை.

அவளுக்குச் சர்க்கரை வந்து நாளாகிவிட்டிருந்தது. ஒருநாள் காலை அவள் ரொட்டி நறுக்கும்போது, விரல் நுனிகளில் கொப்புளம் இருப்பதைத் துருக்கை பார்த்தார். முந்தின நாள் அடுப்பிலிருந்து கொதிக்கிற மூடியை வெறுங்கையால் எடுத்திருக்கிறாள். எடுத்து, நிதானமாகக் கீழேயும் வைத்திருக்கிறாள். அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மட்கார்டு. கூரைத் தகரத்தின் இடுக்கிலிருந்து விழுந்த வெளிச்சம் அதன் மேல் சாய்வாகக் கிடந்தது. நடுவில் ஒரு அலை. அவர் கண்ணுக்கே தெரிந்தது. அவள் உள்ளங்கை அதன் மேல் ஏறி இறங்கித் தாண்டிப் போனது. நிற்கவில்லை. "ம்" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து, துருக்கை தன் கையை அதன் மேல் வைத்தார். ரப்பர் கையுறை போட்டுத் தடவினால் அது இரும்பில் ஒட்டி இழுக்கும், ஒன்றும் தெரியாது. அதனால் வெறுங்கை. அலை அங்கேதான் இருந்தது. சத்தமில்லாமல் இழைத்தார். தன் கை பட்ட இடத்தைத் தின்னரால் துடைத்தார். பிரைமர் அடித்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் அப்படியே செய்தார். அவள் தடவி "ம்" சொல்லுவாள். அவள் போனதும் இவர் தடவுவார். ஒன்றும் நேரவில்லை. திருட்டும் ஒரு வேலை மாதிரிப் பழகிவிட்டது. ஆனால் தின்னர் எண்ணெயைத்தான் எடுக்கும். வேர்வையின் உப்பை எடுக்காது. அது அவருக்குத் தெரியாததல்ல. தண்ணீரில் கழுவித் திரும்பக் காயவைக்க வேண்டும். அந்தச் சத்தம் உள்ளே கேட்கும்.

மழைக்காலத்தில், முன்பு பெயிண்ட் அடித்துக்கொண்டுபோன ஒரு டாக்ஸிக்காரர் தன் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். டிரைவர் பக்கத்து டோரில், கைப்பிடிக்குக் கீழே பெயிண்ட் பொரிந்து கொப்பளித்திருந்தது. ஒரு கையின் வடிவம்: உள்ளங்கையின் அடிப்பாகம், மேலே விரல்கள்.

"என்னண்ணே இது? பேய் வந்து தட்டிட்டுப் போன மாதிரி இருக்கு" என்றார் டாக்ஸிக்காரர்.

துருக்கை குனிந்து பார்த்தார். பார்க்க வேண்டியதே இல்லை.

"தொட்டுத் தடவுறது அக்காதானே?" டாக்ஸிக்காரர் கொட்டகைக்குள் வந்து நின்ற அவளைப் பார்த்துச் சிரித்தார். "என்னக்கா, உங்களுக்கும் தொத்திக்கிச்சா? ஒரு வீட்டுக்கு ஒரு துருக்கை போதாதா?"

எதிர்க்கடையில் பஞ்சு ஊசியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். துருக்கையின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. அவள் மெதுவாக முன்னால் வந்து, அந்தக் கொப்புளங்களின் மேல் தன் கையை விரித்து வைத்தாள். மறைக்கிறாள் என்று அவர் நினைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"கொடுத்துட்டுப் போங்க. சரி பண்ணித் தருவார்" என்றாள்.

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு, "தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்றாள். எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள்.

அவள் போன பிறகு டாக்ஸியின் டோரைச் சரிசெய்து கொடுத்தார். வேறு வேலை எடுக்கவில்லை. அடுப்படியில் பாத்திரங்கள் அவள் கவிழ்த்து வைத்த இடத்திலேயே கவிழ்ந்து கிடந்தன. ஒரு தட்டு, ஒரு தம்ளர் மட்டும் புழக்கத்தில் இருந்தது. சாயங்காலங்களில் கொட்டகை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். பஞ்சு டீ வாங்கி ஒன்றை இவரிடம் நீட்டுவார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"ம்."

"அண்ணிகூடச் சண்டையா?"

"இல்ல."

"சண்டை போட்டிருந்தா பரவாயில்லண்ணே. எங்க வீட்ல தினம் போடுறோம். பாத்திரம் பறக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதே பாத்திரத்தைத் தேடி எடுத்துட்டு வந்து வைப்பா. உங்க வீட்ல ஒரு சத்தமும் வராது. எனக்கு அதான் பயமா இருக்கும்."

துருக்கை டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்க் கூப்பிடுங்கண்ணே. போனாத்தானே வருவாங்க? இங்கேயே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தா ரோடா கூட்டிட்டு வரும்?"

"வெட்கப்பட்டுப் போயிருக்கா" என்றார் துருக்கை. பஞ்சுவுக்கு அது விளங்கவில்லை. மேலே கேட்டால் பதில் வராது என்பது மட்டும் விளங்கியது.

பிறகு ஒரு பழைய கார் வந்தது. பல வருடம் ஒரு ஷெட்டில் கிடந்து, பானெட்டும் நான்கு டோர்களும் துருப்பிடித்துப் போனது. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். கையை உயர்த்தி மறுப்பதற்குள் வண்டியை உள்ளே தள்ளிவிட்டார்கள். பானெட்டைக் கழற்றி மேடையில் போட்டார். அன்றைக்கெல்லாம் கிரைண்டர் ஓடியது. மறுநாள் எமரி, ஆசிட், தண்ணீர், சூடான காற்று. மத்தியானத்துக்கு மேல் பானெட் வெள்ளையாகக் கிடந்தது. அந்த அழகைப் பார்க்க அவருக்கு எப்போதும் ஒரு நிமிடம் பிடிக்கும்.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏம்மா" என்றார்.

வீட்டுக் கதவு காற்றில் லேசாக ஆடியது. எதிரில் பஞ்சுவின் தையல் மிஷின் நின்று, எதையோ கேட்ட மாதிரி தயங்கி, மறுபடி ஓடியது.

வெளியே மேகம் கறுத்திருந்தது. துருக்கை பானெட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, கொட்டகையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினார்.

தங்கையின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு மாடியில். அவள் ஜன்னல் திரைகள் தைத்து விற்கிறவள். அறை முழுக்கத் துணி. படியேறி வந்தவரைப் பார்த்ததும் அவள் மிஷினை விட்டு எழுந்தாள்.

"அட, அதான் வானம் இப்படிக் கறுக்குதா? வாங்க மாமா! அக்கா, யார் வந்திருக்கான்னு பாரு. நீங்க வழிதெரிஞ்சு வந்ததே அதிசயம்."

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு திரைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள். டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மிஷினை அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தைக்க ஆரம்பித்தாள்.

"சாப்டீங்களா?" என்றாள் மனைவி.

"ம்."

"என்ன?"

"ரொட்டி."

"ரொட்டி மட்டுமா?"

"முட்டை இருந்துச்சு."

"இருந்துச்சா, சாப்டீங்களா?"

அவர் அவள் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒன்றில் ரத்தம் காய்ந்திருந்தது.

"விரல் என்ன?"

"ஊசி."

"வலிக்கலையா?"

"வலிச்சா கையை எடுத்திருக்க மாட்டேனா?"

அடுத்த அறையில் மிஷின் ஒரு நீளமான தையலை ஓட்டி முடித்தது. துருக்கை டீயைத் தொடவில்லை. சொல்ல வந்ததைப் பஸ்ஸில் வரும்போது பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். இப்போது அது பாதிதான் வந்தது.

"அந்த டாக்ஸி டோர்ல இருந்தது... உன் கை இல்ல."

"தெரியும்."

அவர் நிமிர்ந்தார்.

"அன்னைக்கு அதுமேல கையை வச்சேனே. மறைக்கிறேன்னு நெனச்சீங்களா? அளந்து பார்த்தேன். என் கை அதுக்குள்ள அடங்கிப்போச்சு. சுத்தி உங்க கை மிச்சம் இருந்துச்சு."

"டாக்ஸிக்காரர்கிட்ட நான் சொல்லியிருக்கணும்."

"அது கெடக்கட்டும். ஊர்ல நாலு பேர் நாலு சொல்லுவாங்க. நான் 'ம்'னு சொல்லிட்டு உள்ள போனதுக்கப்புறம் நீங்க தடவிப் பார்த்தீங்க பாருங்க... எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"அந்த மட்கார்டுலேருந்து."

"அது போன வருஷம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மடிப்பைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நானும் யோக்கியம் இல்ல" என்றாள். "விரல்ல ஒண்ணும் ஏறலை. மரக்கட்டையால தடவுற மாதிரி இருந்துச்சு. 'எனக்குத் தெரியலைங்க'ன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல. சும்மாவே 'ம்'ன்னேன். ஒவ்வொரு தடவையும், இன்னைக்கு மாட்டிக்குவோம், இன்னைக்கு ஏதாவது கேட்பார்னு நிப்பேன். நீங்க ஒண்ணும் கேட்கல. வேலையும் திரும்பி வரல. சரி, கை இன்னும் செத்துப்போகல போலன்னு நெனச்சேன். அதை நம்பிட்டேன். அதான் தாங்கல."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம், சொல்லியிருக்கலாம். நம்ம ரெண்டு பேருக்கும் வாய்னு ஒண்ணைக் கொடுத்தது சாப்பிடறதுக்கு மட்டும்தான் போல."

இடி உருண்டது. ஜன்னலில் முதல் துளிகள் தெறித்தன. துருக்கையின் கண் அனிச்சையாக வெளியே போய்த் திரும்பியது. அவள் அதைக் கவனித்தாள்.

"என்ன வேலை வந்திருக்கு?"

"பழைய கார் ஒண்ணு. பானெட்டு, நாலு டோரு."

"எதுவரைக்கும் ஆச்சு?"

"பானெட்டு துரு எடுத்தாச்சு."

"பிரைமர்?"

அவர் மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

"பிரைமர் அடிச்சாச்சான்னு கேக்குறேன்."

"இல்ல."

அவள் மடியில் இருந்த திரை கீழே சரிய எழுந்து நின்றாள். "வெறும் இரும்பையா போட்டுட்டு வந்தீங்க? இந்த மழையில?"

"ம்."

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? உங்க அம்மா போயிட்டாங்கன்னு சேதி வந்தப்பகூட, நான் பையைத் தூக்கிட்டு வாசல்ல நிக்க நிக்க, ஒரு கோட் அடிச்சுட்டுத்தானே கிளம்புனீங்க?"

"ஆமா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து அறையில் மிஷினும் நின்றிருந்தது. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அவள் திரும்பி உள் அறைக்குப் போனாள். ஒரு இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. எதையோ தேடி எடுக்கும் சத்தம். துருக்கை எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, பையை வாங்கிக்கொள்ள ஒரு கையை நீட்டத் தயாராக நின்றார்.

அவள் பையோடு வரவில்லை. ஒரு துண்டுத் துணியோடு வந்தாள். திரைகளுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற மெல்லிய துணி, பலமுறை துவைத்து நைந்தது.

"கையுறைக்கு மேல இதைப் போட்டுத் தடவுங்க. துணி வழுக்கிட்டுப் போகும். இரும்புல ஒட்டாது. சின்ன அலைகூட விரலுக்கு வரும். வெறுங்கையைவிட நல்லாவே தெரியும்."

அவர் துணியைப் பார்த்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ரொம்ப நாளா. விரல் நல்லா இருந்தப்பவே, ஒருநாள் துடைக்கும்போது தெரிஞ்சுது. தடவவே வேண்டியதில்ல, துணியிலேயே தெரியுதேன்னு."

"சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா அப்புறம் எதுக்கு 'ஏம்மா'ன்னு கூப்பிடப்போறீங்க?"

அவள் அந்தத் துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முறுக்கி, அவர் கையில் கொடுத்தாள். "நனையாம எடுத்துட்டுப் போங்க. இனிமே நீங்களே பார்த்துக்கலாம்" என்றாள்.

தங்கை குடையோடு ஓடி வந்தாள். "மாமா, மழை விட்டதும் போலாமே... அக்கா, நீயாவது சொல்லேன்."

"இரும்பு கெடக்குதாம். போகட்டும்" என்றாள் அவர் மனைவி.

கொட்டகையைத் திறந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கைப் போட்டார். பானெட் முழுக்க, அதிகாலைப் புல்லில் பனி மாதிரி, மெல்லிசாக ஆரஞ்சுப் பொடி படர்ந்திருந்தது. அவர் எதிர்பார்த்ததுதான். ஒரு நாள் வேலை போயிற்று என்று அவருக்குத் தோன்றவில்லை. நனைந்த சட்டையோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

காலையில் வெயில் வந்தது. நைசு எமரியில் ஆரம்பித்து மறுபடி எல்லாவற்றையும் செய்தார். வேலை நடக்கிற சத்தம் கேட்டுப் பஞ்சு எட்டிப் பார்த்தார். வீட்டுக் கதவைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

பானெட் வெள்ளையானதும் துருக்கை கையுறை போட்டு, அதன் மேல் அந்தத் துணியை விரித்து, மெதுவாகத் தடவினார். அவள் சொன்னது சரி. துணி தண்ணீர் மாதிரிப் போயிற்று. இடது மூலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு விரலுக்குள் ஏறி இறங்கியது. இழைத்தார். மறுபடி தடவினார். இல்லை. தின்னரால் துடைத்தார். பிரைமரைக் கலந்து கன்னில் ஊற்றினார். கம்ப்ரசர் ஓடி, காற்று நிறைந்து, தானாக நின்றது.

எல்லாம் தயார். விசையில் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

கன்னைக் கொக்கியில் மாட்டிவிட்டு, பழைய பட்டன் போனை எடுத்தார். கையுறையோடே எண்களை அழுத்தினார். ஸ்பீக்கரைப் போட்டு ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் வைத்தார். முதலில் தையல் மிஷின் சத்தம் கேட்டது. தங்கை ஏதோ சொன்னாள். போன் கை மாறியது.

"சொல்லுங்க" என்றாள்.

"பானெட்டு ரெடி."

"துரு பூத்திருந்துச்சா?"

"பூத்திருந்துச்சு. திரும்ப எடுத்துட்டேன்."

"துணி சரியா வருதா?"

"வருது. இடது பக்கம் ஒரு அலை இருந்துச்சு. இழைச்சுட்டேன்."

"இப்ப?"

"இப்ப இல்ல."

"துடைச்சாச்சா?"

"ஆச்சு."

"அப்புறம் எதுக்குக் கூப்டீங்க? இரும்பு திறந்து கெடக்குதுல்ல?"

வெயில் தகர இடுக்கு வழியாக வந்து பானெட்டின் மேல் சாய்வாக விழுந்திருந்தது. எங்கும் ஒரு நெளிவு இல்லை. அவருடைய கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. வீட்டுக் கதவைப் பார்த்தார்.

"ஏம்மா" என்றார்.

அந்தப் பக்கம் மிஷின் நின்றது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. பஞ்சுவின் கடையிலும் சத்தம் இல்லை. துருக்கை காத்திருந்தார். வெறும் இரும்பும் அவரோடு காத்திருந்தது.

வெகு நேரம் கழித்து, டப்பாவின் மேலிருந்து வந்தது.

"ம்."

அவர் கன்னை எடுத்தார். கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து, வெள்ளை இரும்பின் மேல் சாம்பல் நிறம் ஒரே சீராக ஏறிக்கொண்டு போனது. போனை அவள் வைத்துவிட்டாளா, இன்னும் வைத்திருக்கிறாளா என்று அந்தச் சத்தத்தில் தெரியவில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் அடித்துக்கொண்டே இருந்தார்.